மாடல் ரயில் யார்டில் ஷண்டிங்: உங்களுக்கு இப்படி ஆனதுண்டா?

பல வருடமாக வீட்டில் ரயிலை வட்டமாக ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். போன மாதம்தான் முதல்முறையாக ஒரு பெரிய லேஅவுட்டில் (மாடல் ரயில் பாதை அமைப்பில்) யார்ட் மாஸ்டர் வேலை, அதாவது யார்டில் வேகன்களைப் பிரித்துச் சேர்க்கும் வேலை, கிடைத்தது. ஒஹாயோவில், ஒரு நண்பர் வீட்டு பேஸ்மென்ட்.

ஹெச்ஓ அளவு, அதாவது 1:87. ஒவ்வொரு வேகனுக்கும் ஒரு அட்டை உண்டு. அதில் சொருகிய சீட்டைப் பார்த்தால் எந்த ஊர், எந்த ஆலை என்று தெரியும். வரும் வண்டியைப் பிரித்து, ஊர்வாரியாகச் சேர்த்து, அடுத்த வண்டியில் கோத்துவிட வேண்டும். ஐந்து லைன், அப்புறம் இன்ஜின் முன்பின் போய்வர ஒரு ஷண்டிங் லைன். கடிகாரம் நாலு மடங்கு வேகம். நம்முடைய 15 நிமிஷம் அங்கே ஒரு மணி நேரம்.

முதல் இரண்டு வண்டிகள் நன்றாகவே போயின. மூன்றாவதை அனுப்பட்டுமா என்று கன்ட்ரோலர் கேட்டதும் "வரட்டும்" என்று சொல்லிவிட்டேன். 14 வேகன். 40 அடி வேகன் இந்த அளவில் 14 செ.மீ., ஆக கிட்டத்தட்ட 2 மீட்டர் வண்டி. ஐந்து லைனிலும் பாதிக்கு மேல் வேகன்கள் நின்றன. வந்த வண்டியின் வால் ஷண்டிங் லைனிலேயே தங்கிவிட்டது. ஒன்றை இழுக்கக்கூட இடமில்லை. மெயின் லைனில் அடுத்தடுத்து இரண்டு வண்டிகள் காத்து நின்றன. எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது.

அங்கிருந்த பெரியவர் ஒருவர் வந்து அட்டைகளை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தார். "ஊரைப் பார்க்காதீர்கள். முதலில் ஒரு லைனை முழுசாகக் காலி பண்ணுங்கள்" என்றார். கப்ளிங், அதாவது வேகன்களைக் கோக்கும் கொக்கி, கழற்றுவதையும் அவர்தான் செய்து காட்டினார். இன்ஜினை ஒரு மயிரிழை பின்னுக்குத் தள்ளி இழுவையைத் தளர்த்தினார். நுனி சீவிய மூங்கில் குச்சியை மேலிருந்து இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே விட்டு லேசாகத் திருப்பினார். சத்தமே இல்லாமல் பிரிந்தது. நான் அதுவரை இழுவையோடு நெம்பிக்கொண்டிருந்தேன். ஒரு வேகன் தடம் புரண்டதே அதனால்தான். லைன் ஒன்று காலியானதும் 20 நிமிஷத்தில் எல்லாம் நகர்ந்துவிட்டது.

யார்டில் வேலை செய்தவர்கள் உங்கள் கதையையும் எழுதுங்கள்.

மறுமொழி

சார், எனக்கும் இதே பாடம்தான், ஆனால் ஒரு புத்தக அலமாரியின் மேல்! ஆலன் ரைட் என்ற ஆங்கிலேயர் வகுத்த இங்கிள்நூக் புதிர் என்னிடம் இருக்கிறது. மூன்று லைன்: ஒன்றில் 5 வேகன் பிடிக்கும், மற்ற இரண்டிலும் மும்மூன்று. ஷண்டிங் லைனில் இன்ஜினும் 3 வேகனும். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 எடுத்து, வந்த வரிசையிலேயே கோக்க வேண்டும். 6720 விதமான வண்டி வரும். மூன்று லைனிலும் சேர்த்து 11 இடத்தில் 8 வேகன், ஆக மூன்று இடம் காலி. அந்த மூன்றை வைத்துத்தான் ஆட்டமே. ஒன்பதாவதாக ஒரு வேகனை வைத்துப் பார்த்தேன், மூச்சு முட்டிவிட்டது.

மறுமொழி

அருமை சார். இந்தப் புதிரை அமைக்க நாளைக்கே பலகை வாங்கப் போகிறேன். எல்லாம் 40 அடி வேகன்தான். ஒன்றரை மீட்டர் போதுமா?

மறுமொழி

பாயிண்டுக்கும் (தண்டவாளம் கிளை பிரியும் இடம்) இடம் விட வேண்டுமே. உங்கள் இன்ஜின் எத்தனை செ.மீ. என்று அளந்து சொல்லுங்கள், கணக்குப் போட்டுவிடலாம்.