உறைந்த எண்ணெய் மூழ்குகிறது, ஐஸ் மட்டும் ஏன் மிதக்கிறது?

வணக்கம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், பொருள்களின் நிலைமாற்றம் பற்றிப் பள்ளியில் ஒரு செய்முறை காட்ட வேண்டும். கற்பூரம் வேண்டாம் என்றுவிட்டாள். எல்லாரும் அதைத்தான் கொண்டு வருவார்களாம். சரி என்று தேங்காய் எண்ணெயை டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தோம். உறைந்ததும் நடுவில் குழி விழுந்திருந்தது. ஒரு துண்டைப் பெயர்த்து உருகிய எண்ணெயில் போட்டால் நேரே அடிக்குப் போய்விட்டது. ஐஸ் கட்டியோ தண்ணீரில் மிதக்கிறது.

தண்ணீர் உறையும்போது கன அளவு சுமார் 9 சதவீதம் கூடும், மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அறுகோணமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம் என்றேன். "அப்போ எண்ணெய் ஏன் அப்படி அடுக்கல?" என்கிறாள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வயதுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லித் தாருங்களேன்.

அப்புறம் இன்னொன்று. எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உருகுவதை அளந்தும் காட்ட வேண்டுமாம். வீட்டிலுள்ள காய்ச்சல் தெர்மாமீட்டர் 35-இல்தான் தொடங்குகிறது. பாதரசம் இல்லாத, விலை குறைந்த தெர்மாமீட்டர் எந்த மாதிரிக் கடையில் கிடைக்கும்? வெள்ளிக்கிழமை செய்முறை.