கன்ஸ்மோக்: செஸ்டர் பள்ளம் தோண்டும் பகுதி எது?

கன்ஸ்மோக் என்ற பழைய அமெரிக்க கவ்பாய் தொலைக்காட்சித் தொடரில் ஒரு பகுதியைத் தேடி அலுத்துவிட்டேன். மார்ஷல் மாட் டில்லனின் உதவியாளர் செஸ்டர் (டென்னிஸ் வீவர்) ஒரு பெண்ணிடம் மனதைப் பறிகொடுக்கிறார். முதலில் வீடு வேண்டும் என்கிறாள் அவள். மரம் வாங்கக் காசு ஏது? டாட்ஜ் சிட்டிக்கு வெளியே தரையைத் தோண்டி, மண்ணுக்குள்ளேயே வீடு கட்டக் கிளம்பிவிடுகிறார், அந்த விறைத்த காலோடு! ஊர் மருத்துவர் டாக் ஆடம்ஸின் கிண்டல் வேறு.

1956இல் வந்த, தபாலில் மணப்பெண் தேடும் பகுதி இதுவல்ல, பார்த்துவிட்டேன். யூடியூபில் துண்டுக் காட்சிகள்தான் சிக்குகின்றன. செஸ்டருக்குப் பின் மார்ஷலின் உதவியாளராக வந்த ஃபெஸ்டஸ் வரும் பகுதிகளும் வேண்டாம்.

கறுப்பு வெள்ளை, ஒரு மணி நேரப் பகுதி. அப்படியென்றால் 1961க்கும் 1964க்கும் நடுவில்தான் இருக்க வேண்டும்.

இதன் தலைப்பு என்ன, எந்த சீசன்?