ஆயாவின் டின் ரொட்டி

குழு: ஆயா வீடு
டிசம்பர் 23

நான் · காலை 9.40
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆயா கிறிஸ்துமஸுக்குச் செய்யும் டின் ரொட்டியை இந்த வருஷம் நான் செய்கிறேன். ஏழு மணிக்கே மாவு பிசைந்து மூடி வைத்தேன். இரண்டரை மணி நேரம் ஆகியும் வைத்தது வைத்தபடியே இருக்கிறது. பெரியம்மா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் · 9.41
📷 படம்

பெரியம்மா (காட்பாடி) · 9.52
ஈஸ்ட்டை எதில் கரைத்தாய் கண்ணு?

நான் · 9.53
பாலில்தான். காய்ச்சி இறக்கி, சர்க்கரை போட்டுக் கலக்கி, உடனே ஈஸ்ட்டைத் தூவினேன். நுரை வரவில்லை. மாவோடு சேர்ந்தால் பொங்கிவிடும் என்று நினைத்து ஊற்றிப் பிசைந்துவிட்டேன்.

பெரியம்மா (காட்பாடி) · 9.58
அங்கேதான் போயிற்று. ஈஸ்ட் உயிருள்ள பொருள். 55 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் நிலைக்காது, செத்துவிடும். கொதித்து இறக்கிய பால் அதைவிட எவ்வளவோ அதிகம். சங்கில் ஊற்றிக் குழந்தைக்குப் புகட்டுகிற பால் என்ன சூட்டில் இருக்குமோ, அந்தச் சூடுதான் ஈஸ்ட்டுக்கும். சுண்டுவிரலை விட்டுப் பார். சுடவும் கூடாது, ஆறியும் இருக்கக் கூடாது. பத்து நிமிஷத்தில் மேலே நுரை கட்டினால் மட்டும் மாவில் ஊற்று. நுரை வரவில்லை என்றால் அதோடு நிறுத்திவிட வேண்டும்.

சித்தி (ராணிப்பேட்டை) · 10.01
ஐயோ, அரை கிலோ மாவு வீணா?

பெரியம்மா (காட்பாடி) · 10.02
வீண் இல்லை. கொட்டிவிடாதே கண்ணு. என்னென்ன போட்டாய், அளவோடு எழுது.

நான் · 10.06
மைதா அரை கிலோ, சர்க்கரை 80 கிராம், பால் 280 மில்லி, வெண்ணெய் 60 கிராம், ஈஸ்ட் 7 கிராம், உப்பு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து பொடித்தது. டூட்டி ஃப்ரூட்டியும் திராட்சையும் இன்னும் சேர்க்கவில்லை. முட்டை போடவில்லை.

பெரியம்மா (காட்பாடி) · 10.13
அளவெல்லாம் சரி. இப்போது ஒரு கிண்ணத்தில் மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணீர், அரைக் கரண்டி சர்க்கரை, ஒன்றரைத் தேக்கரண்டி புது ஈஸ்ட். நுரைத்து வரட்டும். மாவைத் துண்டு துண்டாகப் பிய்த்துத் தாம்பாளத்தில் பரப்பி, அந்த நுரையை மேலே ஊற்றி, இரண்டு பிடி மைதா தூவிப் பிசை. முதலில் வழுவழு என்று நழுவும், கையில் ஒட்டும், திரண்டு வராது. பயப்படாதே. பத்து நிமிஷம் விடாமல் பிசைந்தால் பழைய மாவு புது ஈஸ்ட்டை வாங்கிக்கொள்ளும்.

போதுமா என்று எப்படித் தெரியும் என்றால், ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி நான்கு பக்கமும் மெதுவாக இழு. கிழியாமல், அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிற மாதிரி மெல்லிசாக வந்தால் போதும். அப்புறம் திராட்சை சேர்.

அம்மா · 10.15
முட்டை போடாதது நல்லது. எதிர்வீட்டு மாமி முட்டை சாப்பிட மாட்டார்கள். ரம்ஜானுக்குக் கீழ்வீட்டிலிருந்து ஷீர் குர்மா வந்த பாத்திரமும் நம்மிடமே இருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்றுதான் வைத்திருக்கிறேன். இரண்டு வீட்டுக்கும் ரொட்டி வேண்டும்.

சித்தி (ராணிப்பேட்டை) · 10.20
நான் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறேன். கலகலா நேற்றே முடிந்தது. இரண்டும் நாளை வரும்.

நான் · 10.48
நுரை வந்தது பெரியம்மா! கிண்ணத்தின் விளிம்பு வரை வந்துவிட்டது. பிசைகிறேன்.

மாமா (ஆம்பூர்) · 10.55
இப்போதுதான் பார்த்தேன். ஆயாவின் டின் இருக்கிறதா?

அம்மா · 10.57
பரணில் இருந்தது, நேற்று இறக்கினேன். உள்ளே கொஞ்சம் துரு. தேய்த்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். பட்டர் பேப்பர் போட்டுவிடலாம்.

மாமா (ஆம்பூர்) · 11.04
அந்த டின்னைத் தலையில் துணி சும்மாடு வைத்துத் தூக்கிப்போனவன் நான். நம் வீட்டில் அப்போது ஓவன் ஏது? ஆயா விடியற்காலையில் மாவு பிசைந்து, டின்னில் வைத்து, மேலே ஈரத் துணி போட்டுக் கொடுப்பார்கள். தோட்டப்பாளையத்தில் இரண்டு தெரு தள்ளி ஒரு பேக்கரி, விறகு அடுப்பு. அவர்களுடைய பன்னும் ரொட்டியும் வெந்து முடிந்த பிறகு அந்தச் செங்கல் சூடு மணிக்கணக்கில் நிற்கும். அந்த மிச்சச் சூட்டில் தெருக்காரர்களின் டின்களை வைத்துத் தருவார்கள். டின்னுக்கு இவ்வளவு என்று கூலி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வாசலில் பத்துப் பதினைந்து டின் வரிசையில் நிற்கும். வழியில் நான் ஓடினால் மாவு அமுங்கிவிடும் என்று ஆயா வாசல் வரைக்கும் வந்து நின்று பார்ப்பார்கள்.

நான் · 11.10
இது எனக்குத் தெரியவே தெரியாது மாமா.

அண்ணன் (டிரெஸ்டன், ஜெர்மனி) · 11.31
எல்லாருக்கும் காலை வணக்கம். இங்கே இப்போதுதான் மணி ஏழு, இன்னும் இருட்டு. பாப்பா, இந்த ஊரிலும் கிறிஸ்துமஸ் என்றால் இனிப்பு ரொட்டிதான். ஸ்டோலன் என்று பெயர். ஈஸ்ட் போட்ட மாவு, நிறைய வெண்ணெய், திராட்சை, பாதாம். மேலே வெள்ளை வெளேரென்று சர்க்கரைத் தூள். துணியில் சுற்றிய குழந்தை இயேசு போல இருக்க வேண்டும் என்று அந்த வடிவம்.

பெரியம்மா (காட்பாடி) · 11.34
நீ சாப்பிட்டாயா?

அண்ணன் (டிரெஸ்டன்) · 11.40
சாப்பிட்டேன் அம்மா. நன்றாக இருக்கிறது, ஆனால் நம் ரொட்டி மாதிரி மெத்தென்று இருக்காது, கனமாக இருக்கும். செய்து சில வாரம் வைத்திருந்துதான் வெட்டுவார்கள். முற்காலத்தில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நான்கு வாரமும் உபவாச காலம் என்று வெண்ணெய் கூடாதாம், எண்ணெய் ஊற்றித்தான் செய்திருக்கிறார்கள். 1491இல் போப்பரசர் எட்டாம் இன்னொசென்ட் கடிதம் கொடுத்த பிறகுதான் வெண்ணெய் சேர்த்தார்கள். அந்தக் கடிதத்துக்கு வெண்ணெய்க் கடிதம் என்றே பெயர். இங்கே 1434 முதல் நடக்கிற கிறிஸ்துமஸ் சந்தை ஒன்று இருக்கிறது. நேற்று அங்கே போயிருந்தேன். ரொட்டி வாசனை வந்ததும் ஆயா வீட்டு அடுப்படி ஞாபகம் வந்துவிட்டது. ஆயா இல்லாத முதல் கிறிஸ்துமஸ் இல்லையா. ஆகஸ்டில் என்னால் வரவும் முடியவில்லை.

அம்மா · 11.43
உன்னைத்தான் கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் கண்ணா. நீ அனுப்பிய படங்களை எல்லாம் நான் காட்டினேன். பார்த்தார்கள்.

பெரியம்மா (காட்பாடி) · 11.50
மாவு எந்த இடத்தில் இருக்கிறது?

நான் · 11.51
சமையல் மேடையில், ஈரத் துணி போட்டு.

பெரியம்மா (காட்பாடி) · 11.56
மொட்டைமாடிப் படிக்கட்டுப் பக்கம் வெயில் வருகிற இடத்தில் நிழலாக வை. மே மாதம் என்றால் நம் ஊர் சூட்டுக்கு முக்கால் மணி நேரத்தில் இரண்டு மடங்கு ஆகிவிடும். மார்கழிக் குளிருக்கு ஒன்றரை மணி, சில நாள் இரண்டு மணிகூட ஆகும். இனிப்பு மாவு வேறு. சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும். கடிகாரத்தைப் பார்க்காதே, மாவைப் பார். விரலால் குத்தினால் குழி உடனே மேலே எழும்பக் கூடாது. மெதுவாகப் பாதி எழும்பி நிற்க வேண்டும்.

நான் · பகல் 1.42
📷 படம்
வந்துவிட்டது!! பாத்திரம் முழுக்க!

சித்தி (ராணிப்பேட்டை) · 1.43
அப்பா, எவ்வளவு அழகு!

பெரியம்மா (காட்பாடி) · 1.49
ஸ்தோத்திரம். இப்போது அமுக்கிக் காற்றை எடுத்து இரண்டாகப் பிரி. ஆயாவின் டின் 6 அங்குலம். பாதி உயரத்துக்கு மேல் மாவு வைக்காதே. இன்னொரு பாதியை உன் கேக் டின்னில் போட்டு ஃப்ரிட்ஜில் வை. குக்கரில் ஒவ்வொன்றாகத்தான் வேகும், அது வெளியே இருந்தால் அதற்குள் புளித்துவிடும். டின்னில் வைத்தது மறுபடி எழும்ப முக்கால் மணி நேரமாவது விடு.

குக்கருக்கு: கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். அடியில் இரண்டு டம்ளர் கல் உப்பு, அதன் மேல் ஒரு வளையம். தண்ணீர் கூடாது. பழைய குக்கரை எடு. மிதமான தீயில் பத்து நிமிஷம் காய்ந்ததும் டின்னை இறக்கு. டின்னைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி வேண்டும். அப்புறம் சிறு தீ, 40 நிமிஷம். நடுவில் திறக்காதே.

நான் · 1.53
சரி பெரியம்மா. ஆயா மேலே ஒரு கிராம்பு குத்துவார்களே, அது வாசனைக்குத்தானே? இரண்டு மூன்று குத்தட்டுமா?

பெரியம்மா (காட்பாடி) · 1.55
ஒன்றுதான் குத்துவார்கள். நடுவில். வாசனைக்கு என்றுதான் நானும் செய்கிறேன்.

மாமா (ஆம்பூர்) · 2.08
வாசனைக்கு இல்லை அக்கா. நீங்கள் யாரும் பேக்கரிக்கு வந்ததில்லை, அதனால் தெரியாது. எல்லா வீட்டு டின்னும் ஒரே மாதிரி இருக்கும். அடுப்பிலிருந்து வெளியே வரும்போது கரி பிடித்து எது யாருடையது என்றே தெரியாது. அதற்காக வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம். ஒருவர் மேலே கத்தியால் சிலுவை கீறுவார், ஒருவர் முந்திரி வைப்பார். நம் வீட்டுக்கு நடுவில் ஒரே ஒரு கிராம்பு. "கிராம்பு வைத்ததுதான் நம்முடையது, பார்த்து வாங்கி வா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புவார்கள்.

சித்தி (ராணிப்பேட்டை) · 2.10
இத்தனை வருஷம் நானும் கிராம்பு வைத்துத்தான் கேக் செய்கிறேன். கேக்குக்குக்கூட!

அண்ணன் (டிரெஸ்டன்) · 2.11
😢🙏

நான் · 2.40
டின்னின் விளிம்பு வரை வந்துவிட்டது. மேலே பால் தடவி நடுவில் கிராம்பு வைத்துக் குக்கரில் இறக்கிவிட்டேன்.

நான் · 3.05
வாசனை வந்துவிட்டது. கீழ்வீட்டு அக்கா மேலே வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

நான் · 3.31
📷 படம்
கவிழ்த்து அடியில் தட்டினேன். டொக் டொக் என்று சத்தம் வருகிறது. வெந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

பெரியம்மா (காட்பாடி) · 3.33
அதேதான். சூட்டோடு மேலே வெண்ணெய் தடவு. ஒரு மணி நேரம் வெட்டாதே, உள்ளே பிசுபிசு என்று ஆகிவிடும். மேல் பக்கம் வெளுத்திருக்கிறதே, காய்ந்த தோசைக்கல்லில் ஒரு நிமிஷம் கவிழ்த்து வைத்தால் சிவந்துவிடும்.

நான் · 3.36
கிராம்பு அழுந்திப் போகும் பெரியம்மா. இது இப்படியே இருக்கட்டும். இரண்டாவதை வேண்டுமானால் கல்லில் சிவக்க வைக்கிறேன்.

அம்மா · 4.50
வெட்டினாள். பஞ்சு மாதிரி இருக்கிறது. அம்மா கையில் வந்த ஏலக்காய் வாசனை அப்படியே வருகிறது. எனக்கு இதற்கு மேல் எழுத வரவில்லை.

நான் · 4.54
முதல் ரொட்டியில் எதிர்வீட்டு மாமிக்குப் பாதி எடுத்து வைத்துவிட்டேன். இரண்டாவது ரொட்டி முழுசாகக் கீழ்வீட்டுக்கு. அண்ணா, உனக்கு அனுப்ப முடியவில்லை என்று கஷ்டமாக இருக்கிறது. அடுத்த வருஷம் நீ வா. மாமா, கிராம்பு இருக்கிற நடுத்துண்டை யாருக்கும் கொடுக்கவில்லை. உங்களுக்கு மூடி வைத்திருக்கிறேன்.

மாமா (ஆம்பூர்) · 5.02
25ஆம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் நேராக சத்துவாச்சாரிக்கு வருகிறேன் கண்ணு. டின்னைக் கழுவி மறுபடி பரணில் போட்டுவிடாதே, நான் பார்க்க வேண்டும்.