வீட்டு வரி, வண்டி வரி: கட்டப் போன இடத்தில் கண்டதும் தெரிந்துகொண்டதும்

ஓய்வுபெற்ற ஆசிரியை, நகராட்சிப் பகுதி

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தபோது எங்கள் தெருவில் எல்லோரும் தொகையைப் பற்றித்தான் பேசினார்கள். எனக்குக் கண்ணில் பட்டது, கேட்பு அறிவிப்பில் இருந்த பரப்பளவு. 1,340 சதுர அடி என்று போட்டிருந்தது. எங்கள் வீடு 1,150 சதுர அடி. அப்பா கட்டியபோது வாங்கிய வரைபட அனுமதி இன்னும் பீரோவில் இருக்கிறது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், அந்த உயர்வே பரப்பளவை வைத்துத்தான் வந்தது. சென்னை தவிர மற்ற ஊர்களில் குடியிருப்புக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்த்தினார்கள். 1,200-ஐத் தாண்டிய வீடு என்று பதிவாகிவிட்டால் அடுத்த படிக்குப் போய்விடுகிறோம். அடிப்படை அளவே தப்பு, அதன் மேல் சதவீதமும் தப்பு.

எங்கிருந்து வந்தது அந்த 190 சதுர அடி? யோசித்துப் பார்த்ததில் தெரிந்தது. கொல்லையில் மாடு கட்டுவதற்காக அப்பா ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருந்தார். மாடு போய், சாய்ப்பையும் பிரித்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. பதிவேட்டில் மட்டும் அது நின்றுகொண்டிருக்கிறது.

மனு எழுதி, வரைபட நகலும் கடைசி ரசீதும் இணைத்து, அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கினேன். பில் கலெக்டர் வீட்டுக்கு வந்தார். இளைஞர், பொறுமையானவர். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து "அம்மா, சுவரோடு ஒட்டிப் பிடிங்க" என்றார். முன்பக்கம், பக்கவாட்டு, கொல்லை என்று சுற்றி அளந்தோம். கொல்லையில் சிமெண்ட் தரை மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. அதைக் குனிந்து பார்த்தார். "மேலே கூரை இல்லையே, இதை எதுக்குக் கணக்குல வச்சாங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே எழுதிக்கொண்டார். அடுத்த அரையாண்டில் 1,150 என்று திருத்தி வந்தது, கூடுதலாகக் கட்டியிருந்ததையும் கழித்திருந்தார்கள்.

அப்பா காலமான பிறகு பெயர் மாற்றத்துக்கும் இதே அலுவலகம்தான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வீட்டுப் பத்திர நகல், நிலுவை இல்லை என்று காட்டும் கடைசி ரசீது, இவ்வளவும் தயாராக இருந்தால் வேலை நகர்கிறது. இதில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வரி ரசீதில் அம்மா பெயர் வந்துவிட்டதால் வீடு அம்மாவுக்கு மட்டும் சொந்தமாகிவிட்டது என்று என் உறவினர் ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. நீதிமன்றங்கள் இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றன.

கட்டும் நேரத்தைப் பற்றி: ஏப்ரல் முதல் செப்டம்பர் ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் இன்னொன்று. ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழியும், அதிகபட்சம் 5,000 ரூபாய். விட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி. ஓய்வூதியத்தில் இருப்பவர்களுக்கு இது சிறிய விஷயமே இல்லை.

அப்புறம், ரசீதில் நூலக வரி என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் சென்னை மாகாணத்தில் வந்த நூலகச் சட்டத்தின்படி வசூலாவது. நான் முப்பது வருடம் பிள்ளைகளைக் கிளை நூலகத்துக்கு அனுப்பியவள். அந்தப் பத்து பைசாவை மனநிறைவோடு கட்டுகிறேன், அது முழுதாக நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறேன்.

பெங்களூரிலிருந்து கோவைக்குத் திரும்பியவர்

அக்கா சொன்னது வண்டிக்கும் அப்படியே பொருந்தும். என் கார் கர்நாடகப் பதிவு. அங்கே ஆயுட்கால வரி முழுவதும் கட்டியாகிவிட்டது. வேலை மாறி கோவைக்கு வந்தபோது "வரி கட்டின வண்டிதானே, அப்படியே ஓட்டு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. சாலை வரி மாநிலத்துக்குப் போவது. இங்கே ஓடும் வண்டிக்கு இங்கேதான் வரி.

முதலில் பழைய ஆர்டிஓ அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்து என்ஓசி (தடையின்மைச் சான்று) வாங்க வேண்டும். கார் லோன் இருந்தால் வங்கியின் சம்மதக் கடிதமும் வேண்டும். படிவத்தில் சேஸிஸ் எண்ணின் (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) பென்சில் அச்சு ஒட்டச் சொல்வார்கள். நானே எடுத்தேன். எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மெல்லிய தாளை வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தால் எழுத்து ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுகிறது. ஒரு எழுத்து மங்கலாக இருந்தாலும் திருப்பிவிடுவார்கள் என்பதால் இரண்டு தாளில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஏஜென்ட் இதற்கும் தனியாகக் காசு கேட்டார்.

இங்கே வந்ததும் வண்டியின் வயதைக் கழித்து வரி போட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்த்தார், புது எண் கிடைத்தது. பலர் இதோடு விட்டுவிடுகிறார்கள். கர்நாடகத்தில் கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. புது ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது, பழைய ரசீது மூன்றையும் இணைத்து அங்கே விண்ணப்பித்தேன். பணம் மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வங்கிக் கணக்குக்கே வந்தது. பழைய வரி ரசீதின் அசல் கையில் இருந்தது பெரிய உதவி.

அடிக்கடி மாநிலம் மாறுகிற வேலையில் இருக்கும் தம்பிகள் பி.எச். (பாரத்) வரிசைப் பதிவைப் பாருங்கள். 2021-இல் வந்தது. அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் கிடைக்கும். இரண்டு இரண்டு வருடமாக வரி கட்டினால் போதும்.

லாரி வைத்திருப்பவர், நாமக்கல் பக்கம்

சொந்தக் கார்க்காரர்கள் ஒரு தடவை கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறீர்கள். எங்களுக்குக் காலாண்டு வரி. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி பிறந்தாலே பட்டறையிலும் டீக்கடையிலும் "குவார்ட்டர் கட்டியாச்சா" என்பதுதான் பேச்சு. கட்டவில்லை என்றால் எஃப்.சி.யும் (வண்டியின் தகுதிச் சான்று) நகராது, பர்மிட்டும் நகராது. கம்ப்யூட்டரில் சிவப்பாக நிற்கும்.

நான் சொல்ல வந்தது ஓடாத வண்டிக்கான வரி. என் பங்காளி ஒருவர் இன்ஜின் இறக்கி வைத்த லாரியைப் பட்டறையில் மாதக்கணக்கில் நிறுத்தியிருந்தார். ஓடாத வண்டிக்கு எதற்கு வரி என்று இருந்துவிட்டார். நிலுவையும் அபராதமும் சேர்ந்து வந்தது. வண்டியை நிறுத்தப் போகிறோம் என்றால் காலாண்டு தொடங்கும் முன்பே, எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதோடு எழுத்து மூலம் தெரிவித்து ஒப்புகை வாங்கிவிட வேண்டும். பட்டறை பில்லைப் பிறகு கொண்டுபோய்க் காட்டுவதில் பிரயோஜனம் இல்லை. டீசலும் டோலும் ஏறிக் கிடக்கிற காலத்தில் ஒற்றை வண்டி வைத்துப் பிழைப்பவன் இந்த ஒரு காகிதம் இல்லாமல் நஷ்டப்படுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து

எங்களுக்கு இங்கே வீட்டுக்குச் சோலைவரி. வருட வரி முழுவதையும் ஜனவரி 31-க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு. வாகனத்துக்கு வருடாவருடம் வரி கட்டி வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் இருந்தால்தான் தருவார்கள்.

ஆசிரியை அம்மா பெயர் மாற்றத்தைப் பற்றி எழுதியதால் இதைச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் பாதி வீட்டுக்காரர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பதிவு இன்னும் பேரப்பிள்ளைகள் பார்த்திராத அப்பப்பா பெயரில் கிடக்கிறது. சித்தியின் வீட்டுச் சோலைவரியை நான்தான் கட்டி வருகிறேன். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்புவேன், அசலை ஃபைலில் போட்டு வைப்பேன். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கோடை விடுமுறைக்கு வரும்போது கோயில் திருவிழாவோடு ஒரு நாளை இதற்கும் ஒதுக்கினால் நல்லது. உறுதி (பத்திரம்) முடித்துப் பெயரை மாற்றிவிட்டுப் போகலாம்.

புதிதாக வீடு வாங்கியவர்

அம்மா, ஒரு சந்தேகம். எனக்கும் பரப்பளவு கூட்டித்தான் வந்திருக்கிறது. திருத்தம் வரும் வரை கட்டாமல் நிறுத்தி வைக்கலாமா?

ஓய்வுபெற்ற ஆசிரியை

நிறுத்தாதீர்கள் தம்பி. நான் அறிவிப்பில் இருந்த தொகையைக் கட்டிவிட்டுத்தான் மனு கொடுத்தேன். இல்லையென்றால் வட்டி ஏறிக்கொண்டிருக்கும், மனுவை எடுத்ததும் முதலில் நிலுவையைத்தான் காட்டுவார்கள். ஆன்லைனில் கட்டும்போது வரிவிதிப்பு எண்ணைப் போட்டதும் பெயரும் கதவு எண்ணும் வரும். அதைச் சரிபார்த்த பிறகே பணம் செலுத்துங்கள், எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் இருக்கிறது. நீங்கள் வாங்கிய வீடு என்பதால் விற்றவர் பெயரிலேயே எண் இருக்கும். பெயர் மாற்ற மனுவையும் அளவுத் திருத்த மனுவையும் தனித்தனியாக எழுதி, இரண்டுக்கும் தனித்தனியே ஒப்புகை வாங்குங்கள். வரைபட அனுமதியின் நகல் விற்றவரிடம் இருக்கிறதா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.