46 அளவு எக்ஸ்ட்ரா 300-க்கு எந்த இன்ஜின் போடலாம்?

பல்லடம்_பால்சா:

அனைவருக்கும் வணக்கம். ரிமோட்டில் பறக்கவிடும் ஆர்.சி. மாடல் விமானம் என் பொழுதுபோக்கு. பழகுநர் விமானமான ட்ரெய்னரில் கை பழகிவிட்டது, லூப், ரோல் வரைக்கும் பயமில்லாமல் போடுகிறேன். அடுத்து ஏரோபாட்டிக் (சாகசப் பறப்பு) பக்கம் வரலாம் என்று எக்ஸ்ட்ரா 300 சாகச விமானத்தின் ஏஆர்எஃப் (பெரும்பகுதி கட்டி முடித்து வரும் மாடல்) ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். பால்சா கட்டுமானம், இறக்கை 148 செ.மீ., எடை 2.5 முதல் 2.8 கிலோ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. இன்ஜினுக்கு "46 டூ ஸ்ட்ரோக் அல்லது 72 ஃபோர் ஸ்ட்ரோக்" என்பதோடு சரி (46 என்றால் 0.46 கன அங்குல இன்ஜின்).

குழப்பம் இங்கேதான். தெரிந்த அண்ணன் ஒருவர் தன்னுடைய பழைய ஓ.எஸ். 46 ஏஎக்ஸைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். கடைக்காரர், "46 எல்லாம் ட்ரெய்னருக்கு, 55 ஏஎக்ஸ் போடுங்க, அதே மவுண்ட்டில் உட்காரும்" என்கிறார். வீடியோவில் சைட்டோ 82 ஃபோர் ஸ்ட்ரோக்கின் சத்தத்தைக் கேட்டதிலிருந்து என் மனசு அந்தப் பக்கம் இழுக்கிறது. இதற்கு நடுவில் நண்பன் ஒருவன், "மெத்தனாலுக்கு எதுக்கு அலையறே, டிஎல்இ 20 போட்டுட்டு பங்க்கில் பெட்ரோல் வாங்கிக்கோ" என்கிறான். பட்ஜெட் 25 ஆயிரம். அதற்கு மேல் போனால் வீட்டில் பதில் சொல்ல முடியாது.

ஸ்டால் டர்ன் (நேராக ஏறி உச்சியில் திரும்பி இறங்குவது), நைஃப் எட்ஜ் (ஒருக்களித்தபடி பறப்பது), ஸ்லோ ரோல், நேர்குத்தாக ஒரு நல்ல ஏற்றம், இவ்வளவுதான் இப்போதைக்கு ஆசை. ஹோவர் (மூக்கு வானத்தைப் பார்க்க ஒரே இடத்தில் நிற்பது) எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பறக்கவிடுவது பல்லடம் பக்கம் ஒரு காலி நிலத்தில்.

பழைய_நீடில்:

தம்பி, நீங்கள் கேட்டதில் முக்கியமான விஷயம் கடைசி வரியில் இருக்கிறது. பல்லடம்.

முதலில் டிஎல்இ 20-ஐக் கழித்துவிடுவோம். நல்ல இன்ஜின், ஆனால் உங்கள் விமானத்துக்கு இல்லை. இன்ஜின் மட்டும் 650 கிராம். மஃப்ளர், இக்னிஷன் பெட்டி, அதற்கொரு பேட்டரி எல்லாம் சேர்த்தால் 900 கிராமைத் தொடும். 46 ஏஎக்ஸ் மஃப்ளரோடு 490 கிராம்தான். ஆக மூக்கில் 400 கிராம் அதிகம். சி.ஜி.யிலிருந்து (எடை மையம்) மூக்கு 30 செ.மீ., வால் 75 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், அதைச் சமன்செய்ய வாலில் 160 கிராம் ஈயம் ஒட்ட வேண்டும். மொத்தம் அரை கிலோவுக்கு மேல் சுமை ஏறிவிடுகிறது. அப்புறம் ஸ்லோ ரோல் ஸ்லோவாக வராது, லேண்டிங் மட்டும் வேகமாக வரும். அந்த ஃபயர்வாலும் (இன்ஜின் மாட்டும் முன்பலகை) பெட்ரோல் இன்ஜின் அதிர்வுக்குக் கட்டப்பட்டது இல்லை.

மீதி மூன்றுமே 2.7 கிலோ எக்ஸ்ட்ராவைத் தூக்கும். எனவே "எது அதிக சக்தி" என்று கேட்பதை விட்டுவிட்டு, எந்த ப்ராப்பை (முன்னால் சுற்றும் விசிறி) எந்த வேகத்தில் சுற்றும் என்று கேளுங்கள். இன்ஜின் சுற்றத்தான் செய்கிறது, விமானத்தை இழுப்பது ப்ராப்.

46-ல் 11x6 ப்ராப் (11 இன்ச் விட்டம், 6 இன்ச் பிட்ச்) போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று வரும். 6 இன்ச் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 15.2 செ.மீ. முன்னேற்றம். பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 110 கி.மீ. ஏரோபாட்டிக் என்றாலே 12x4 போடு என்று நிறையப் பேர் சொல்வார்கள். இழுவை நன்றாக இருக்கும், ஹோவருக்கு அருமை. ஆனால் அதே சுற்றில் அதன் கணக்கு 73 கி.மீ.தான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உங்கள் ஊர்க் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று இருக்கிறதே, அதில் 12x4 போட்டு எதிர்க்காற்றில் திரும்பினால் விமானம் நகராமல் நிற்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும், வட்டமான லூப் மட்டும் வராது. ஆடிக்கு 11x6, மார்கழிக் காலை அமைதிக்கு 12x4. ப்ராப் இரண்டையும் பெட்டியில் வைத்திருங்கள், இன்ஜின் ஒன்றே போதும்.

ஏரோபாட்டிக் இன்ஜினுக்கு உண்மையான பரீட்சை மேலே ஏறும்போது இல்லை, கீழே வரும்போது. ஸ்டால் டர்ன் முடித்து ஐடிலில் நேராக இறங்குகிறீர்கள். அந்த நேரம் முழுக்க டூ ஸ்ட்ரோக்கின் கிராங்க் கேஸில் எரியாத எரிபொருள் சேர்ந்துகொண்டே வரும். அடியில் நிமிர்த்தி த்ராட்டிலைத் திறக்கும்போது "பொளக்" என்று ஒரு இருமல், சில நேரம் மொத்தமாக நின்றே போகும். லோ ஸ்பீடு நீடில் (ஐடிலில் எரிபொருள் அளவை வைக்கும் சின்னத் திருகு) சரியாக இருந்தால் இது வராது. முக்கால்வாசிப் பேர் பெரிய நீடிலை மட்டும் திருகிவிட்டு, சின்னதைத் தொடவே மாட்டார்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக்கில் இந்தத் தொல்லை குறைவு. 13 அல்லது 14 இன்ச் ப்ராப்பை 9,000, 10,000 சுற்றில் சுற்றுவதால், இறங்கும்போது அந்தப் பெரிய ப்ராப்பே பிரேக் போல் பிடித்துக்கொள்ளும். மேலே ஏறும் வேகமும் கீழே வரும் வேகமும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். த்ராட்டில் குச்சி நகரும் அளவுக்கு இழுவையும் நகரும். என் சொந்த விமானத்தில் சைட்டோ 82தான் ஓடுகிறது, அதை விடமாட்டேன். ஆனால் வால்வு இடைவெளியை அவ்வப்போது ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும் (0.03 முதல் 0.10 மி.மீ. வரை), பேக்ஃபயர் ஆனால் ப்ராப் கழன்று பறக்காமல் இருக்க இரட்டை நட்டு கட்டாயம். புதிதாக வாங்கினால் உங்கள் பட்ஜெட்டும் தாண்டும்.

அதனால் என் பதில்: அந்தப் பழைய 46 ஏஎக்ஸைப் போய்ப் பாருங்கள். நன்றாக இருந்தால் வாங்கிவிடுங்கள். 55 தப்பில்லை, கடைக்காரர் சொன்னபடி அதே மவுண்ட்டில் உட்காரும். ஆனால் 46-ஐ ஓட்டிப் பார்த்து, ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது என்று உங்களுக்கே தோன்றினால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

தாம்பரம்_லைப்போ:

யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், எலெக்ட்ரிக் போடுங்கள். 46 வகை மோட்டார், 60 ஆம்பியர் ஈஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 5 செல் 4000 லைப்போ பேட்டரி. நீடில் இல்லை, ப்ளக் இல்லை, இருமல் இல்லை. ஐடிலில் இறங்கித் திறந்தால் அந்த நொடியே இழுவை. உலக எஃப்3ஏ (ஆர்.சி. ஏரோபாட்டிக்) போட்டியிலேயே 2 மீட்டர், 5 கிலோ விமானங்களில் பெரும்பாலானோர் எலெக்ட்ரிக்குக்கு மாறிவிட்டார்கள். இன்னும் எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் வாசனைதான் வேண்டும் என்றால் நான் என்ன செய்வது!

பழைய_நீடில்:

வாசனை வேண்டும்தான், அதில் எனக்கு வெட்கமில்லை. நீங்கள் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பையன் நிலத்தில் கரண்ட் இல்லை. ஒரு பேட்டரிக்கு ஆறேழு நிமிடம், நாலு தடவை பறக்க நாலு பேட்டரி, ஒரு நல்ல சார்ஜர். அந்த 25 ஆயிரம் அதிலேயே கரைந்துவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் விட்ட லைப்போ எப்படி உப்பும் என்று உங்களுக்குத் தெரியாததா?

மதுரை_20சிசி:

நான் பெட்ரோல்காரன். இருந்தாலும் பழைய நீடில் அண்ணன் சொன்னதுதான் சரி. பெட்ரோல் வேண்டுமென்றால் விமானத்தை மாற்றுங்கள், இந்த விமானத்துக்குப் பெட்ரோலைத் திணிக்காதீர்கள். 20 சிசிக்கு நாலு கிலோ சுமாருக்கு, 170 செ.மீ. ஒட்டிய இறக்கையுள்ள விமானம் சரியாக இருக்கும்.

ஒன்றை மட்டும் பேச்சுவாக்கில் விட்டுவிட்டீர்கள், எரிபொருள். அதுதான் இங்கே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். க்ளோ இன்ஜின், அதாவது இங்கே பேசும் 46, 55, சைட்டோ எல்லாம், குடிப்பது மெத்தனால். தமிழ்நாட்டில் 1959-ம் வருட விதிகளின்படியே மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2023-ல் மரக்காணம், 2024-ல் கள்ளக்குறிச்சி, ரெண்டிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு கெமிக்கல் கடைக்குப் போய் "ஏரோமாடலிங்குக்கு அஞ்சு லிட்டர் மெத்தனால் குடுங்க" என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பார்க்கத்தான் செய்ய வேண்டும்.

எனவே வீட்டில் கலக்கும் வேலையே வேண்டாம். உரிமம் உள்ள விற்பனையாளரிடம் கலந்த எரிபொருளாக, பில்லோடு வாங்குங்கள். நீங்கள் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம் என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேனில் பெரிதாக "விஷம்" என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீயே கண்ணுக்குத் தெரியாது. 46 முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 30 மி.லி. போலக் குடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எவ்வளவு வேண்டும் என்று இதை வைத்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கிடைக்க வழியே இல்லை என்றால் இன்ஜினையே வாங்காதீர்கள், தாம்பரத்துக்காரர் பேச்சைக் கேளுங்கள்.

பின்னாளில் பெட்ரோலுக்கு வந்தால் ஞாபகம் வையுங்கள், சிலிக்கான் ட்யூப் பெட்ரோலில் ஊறிக் கெட்டுவிடும். டேங்க் கார்க் உட்பட எல்லாம் பெட்ரோலுக்கானதாக இருக்க வேண்டும்.

பல்லடம்_பால்சா:

எல்லோருக்கும் நன்றி. எரிபொருள் விசாரித்துவிட்டேன். எங்களோடு பறக்கவிடும் ஒருவர் கோவையில் முறையாக பில்லோடு வாங்குகிறார், அவரோடு சேர்ந்து வாங்கிக்கொள்ளலாம். 20 சதவீதம் விளக்கெண்ணெய், நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) கிடையாது.

46 ஏஎக்ஸைப் போய்ப் பார்த்தேன். ரொம்ப நாள் சும்மா கிடந்திருக்கிறது. வெளியே தேன் நிறத்தில் பிசின் படிந்திருக்கிறது. கையால் சுற்றினால் பிஸ்டன் மேலே வரும் இடத்தில் இறுகிப் பிடிக்கிறது. தேய்ந்துவிட்டதா? அந்த அண்ணன் கட்டிங் பிளேயரை எடுத்து வந்தார், நான்தான் வேண்டாம் என்று தடுத்தேன்.

பழைய_நீடில்:

தடுத்தது நல்லது. பிளேயர் பிடித்திருந்தால் கிராங்க் ஷாஃப்ட் மரை போயிருக்கும்.

தேன் நிறம் என்பது காய்ந்த விளக்கெண்ணெய். ஹேர் ட்ரையரை வைத்து சிலிண்டர் பக்கம் நன்றாகச் சூடு காட்டுங்கள், கை வைத்தால் சுடும் அளவுக்கு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ப்ராப்பை மாட்டிக் கையால் மெல்ல ஆட்டுங்கள். இளகிவிடும்.

அதற்குப் பிறகும் மேலே வரும் இடத்தில் இறுகினால் சந்தோஷப்படுங்கள். இந்த வகை இன்ஜினில் லைனர் (பிஸ்டன் ஓடும் உள்குழல்) மேல்பக்கம் குறுகலாகச் செய்திருப்பார்கள், சூடானால் சரியான அளவுக்கு விரியும். குளிர்ந்திருக்கும்போது தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றினால்தான் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது பேரிங். ப்ளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றுங்கள், காதைப் பக்கத்தில் வையுங்கள். மணல் அரைபடுகிற மாதிரி "கரகர" என்றால் பின் பேரிங் துருப்பிடித்திருக்கிறது. மெத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் வருவது. பேரிங் மாற்றலாம், கோவையில் அளவு சொன்னால் எடுத்துக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன, ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். மஃப்ளரைக் கழற்றி எக்ஸாஸ்ட் வழியாக டார்ச் அடித்து லைனரைப் பாருங்கள். உள்ளே பூச்சு உரிந்து திட்டுத்திட்டாகத் தெரிந்தால் வேண்டாம், வந்துவிடுங்கள்.

நைட்ரோ இல்லாத எரிபொருளில் ஐடில் கொஞ்சம் தடுமாறும். சூடு கூடிய வகை ப்ளக் ஒன்று போட்டுப் பாருங்கள், ஐடிலைக் கொஞ்சம் மேலே வையுங்கள்.

பல்லடம்_பால்சா:

பேரிங் சத்தமில்லை, லைனரும் பளபளவென்று இருக்கிறது. ட்ரையர் காட்டியதும் இளகிவிட்டது. வாங்கிவிட்டேன்! டேங்க் எங்கே வைப்பது? ட்ரெய்னரில் கிட் சொன்ன இடத்தில் வைத்துவிட்டேன், யோசிக்கவே இல்லை.

பழைய_நீடில்:

ட்ரெய்னர் தலைகீழாக ரொம்ப நேரம் பறக்காது, அதனால் தெரியவில்லை. இதில் தெரியும். டேங்கின் நடுக்கோடு கார்புரேட்டர் ஸ்ப்ரே பாருக்கு (எரிபொருள் தெளிக்கும் குழாய்) நேராக, அல்லது ஒரு சென்டிமீட்டர் கீழே இருக்கட்டும். மேலே போனால் நிமிர்ந்து பறக்கும்போது ரிச் (எரிபொருள் அதிகம்), தலைகீழாகத் திரும்பினால் லீன் (எரிபொருள் குறைவு). முன்பக்கம் ஃபயர்வாலை எவ்வளவு ஒட்ட முடியுமோ அவ்வளவு ஒட்டி, சுற்றி ஸ்பாஞ்ச் வைத்து நிறுத்துங்கள். மஃப்ளரிலிருந்து டேங்குக்கு அழுத்தம் தரும் பிரஷர் குழாயை மறக்க வேண்டாம்.

டேங்குக்குள் இருக்கும் க்ளங்க் (எரிபொருளை உறிஞ்சும் குழாயின் கனமான முனை) எல்லாப் பக்கமும் தடையில்லாமல் ஆட வேண்டும், பின்சுவரில் இடிக்கக் கூடாது. மூக்கு குத்தி இறங்கினால் அது முன்னால் மடிந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் தரையில் நன்றாக ஓடும், நேர்குத்தாக ஏறும்போது மட்டும் நின்றுவிடும். ஆட்கள் நீடிலைத் திருகிக்கொண்டே இருப்பார்கள்.

நீடில் வைப்பது இப்படி. முழு த்ராட்டிலில் உச்சச் சுற்று வரும் வரை மூடுங்கள், அங்கிருந்து ரெண்டு கிளிக் திறங்கள். பிறகு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்து, முழு த்ராட்டிலிலேயே மூக்கை வானத்துக்குத் தூக்கட்டும். சுற்று லேசாக ஏறினால் சரி. இறங்கினால் லீன், இன்னும் ஒரு கிளிக் திறங்கள். ப்ராப்புக்கு நேர் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது, நீங்களும்தான்.

அப்புறம் ஒன்று. சூலூர் விமானப்படைத் தளம் உங்களுக்குத் தூரமில்லை. எங்கே பறக்கவிடலாம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பில் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் நிலம் எந்த நிறத்தில் விழுகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, நிறத்தை இங்கே போடுங்கள்.