வி-ஐ எடிற்றரில் அம்புக்குறியை அழுத்தினால் எழுத்து விழுவது ஏன்?

கேள்வி: கிளிநொச்சி மாணவி

வணக்கம். நான் அறிவியல் நகரில் படிக்கிறேன். செய்முறை வகுப்புக்காகத் தந்திருக்கும் உபுண்டு லினக்ஸ் சேர்வரில் மவுசுக்கு வேலையில்லை. வி-ஐ என்று அடித்தால் வரும் எடிற்றரில்தான் கோப்புகளைத் திருத்த வேண்டும். ஐ விசையை அழுத்தி எழுதவும், எஸ்கேப்புக்குப் பின் முக்காற்புள்ளி, டபிள்யூ, கியூ அடித்துச் சேமித்து வெளியேறவும் பழகிவிட்டேன். ஆனால், எழுதும்போது மேல் அம்புக்குறியை அழுத்தினால் மேலே ஒரு புதிய வரி திறந்து அதில் ஆங்கில ஏ எழுத்து விழுகிறது. தமிழ் விசைப்பலகையில் குறிப்புரை எழுதி முடித்தபின் எந்தக் கட்டளையும் வேலை செய்வதில்லை. இரண்டுக்கும் காரணம் என்ன?

பதில்: மாங்குளத்தான்

தங்கச்சி, அந்த ஏ எழுத்து ஏன் விழுகிறது என்று விளங்கினால் இந்த எடிற்றரில் பாதி விளங்கிவிடும். மேல் அம்புக்குறி ஒரே விசைதான் என்றாலும், முனையம் (நீங்கள் கட்டளை அடிக்கும் திரை) அதை எஸ்கேப், பெரிய ஓ, பெரிய ஏ என்று மூன்று குறிகளாக அனுப்புகிறது. உங்கள் சேர்வரில் வி-ஐ என்று வருவது, வி-ஐயின் மேம்பட்ட வடிவமான விம்மின் சுருங்கிய பதிப்பாக இருக்க வேண்டும். பழைய வி-ஐ போலவே நடந்துகொள்ளும் நிலையில் அது அம்மூன்றையும் தனித்தனியாக வாசிக்கிறது. எஸ்கேப் உங்களை எழுதும் நிலையிலிருந்து, கட்டளை இடும் நோர்மல் நிலைக்குக் கொண்டுவருகிறது. அங்கே பெரிய ஓ என்பது மேலே வரி திறந்து எழுதத் தொடங்கு என்னும் கட்டளை. எஞ்சிய ஏ அவ்வரியில் எழுத்தாக விழுகிறது. முக்காற்புள்ளி அடித்து, செட் நோகொம்பாட்டிபிள் என்று ஆங்கிலத்தில் இட்டால் இது நின்றுவிடும். முழுமையான விம்மை நிறுவித் தரும்படி சேர்வர் பொறுப்பாளரைக் கேட்பது இன்னும் நல்லது.

இருந்தாலும் அம்புக்குறிகளைக் கைவிடுவதே என் ஆலோசனை. 1976 அளவில் பில் ஜோய் என்ற நிரலாளர் வி-ஐயை எழுதிய ஏடிஎம்-3ஏ என்ற முனையக் கருவியில் அம்புகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிடப்பட்டிருந்தன. இடம், கீழ், மேல், வலம் என்ற அந்த ஒழுங்குதான் இன்றும் தொடர்கிறது. நோர்மல் நிலையை வீடாகவும், எழுதும் நிலையைச் சற்றே வெளியே போய்வருவதாகவும் கொள்ளுங்கள். வீட்டிலிருக்கும்போது டி, டபிள்யூ சேர்ந்தால் ஒரு சொல் அழியும். முழுமையான விம்மில் சி, ஐ, டபிள்யூ சேர்ந்தால் சொல் அழிந்து புதிய சொல்லுக்கு இடம் கிடைக்கும். யூ அடித்தால் செய்தது மீளும். முற்றுப்புள்ளி அடித்தால் கடைசி மாற்றம் மறுபடி நிகழும்.

பதில்: வவுனியா வாசகி

தமிழ்ச் சிக்கலுக்கு நான் சொல்கிறேன். நோர்மல் நிலையில் எடிற்றர் ஆங்கில எழுத்துகளையே கட்டளைகளாக அறியும். தமிழ் விசைப்பலகை இயங்கும்போது நீங்கள் டி விசையை அழுத்தினாலும் அதற்குப் போய்ச் சேருவது ஒரு தமிழ் எழுத்துத்தான். ஆகவே எஸ்கேப்புக்கு முன் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளுங்கள். முழுமையான விம்மில் இதைவிட நேர்த்தியான வழி உண்டு: விசைகளுக்கு உரிய தமிழ் எழுத்துகளைக் கீமேப் கோப்பாக எழுதி இணைத்தால், எழுதும் நிலையில் மட்டும் தமிழ் வரும், கட்டளைகள் ஆங்கிலத்திலேயே நிற்கும், கொன்ட்ரோலுடன் 6 அழுத்தி மாற்றிக்கொள்ளலாம்.

விம்டியூட்டர் என்ற பயிற்சியும் அதனோடு வரும். அரை மணி நேர வேலை. பாடக் கோப்பின் பிரதியிலேயே பயில்வதால் எதை அழித்தாலும் பாதகமில்லை.

கேள்வி: கிளிநொச்சி மாணவி

நன்றி அண்ணா, அக்கா. செட் கட்டளையை இட்டதும் அம்புக்குறி சரியாகிவிட்டது. கரண்ட் போய்த் தொடர்பு அறுந்தால் சேமிக்காத பகுதி போய்விடுமா?

பதில்: மாங்குளத்தான்

பெரும்பாலும் போகாது. 200 எழுத்துகள் அடித்தவுடனோ, நீங்கள் 4 விநாடி சும்மா இருந்தாலோ, விம் மாற்றங்களைச் சுவாப் கோப்பு என்னும் தற்காலிகக் கோப்பில் எழுதிவைக்கும். மறுமுறை அதே கோப்பைத் திறக்கும்போது வரும் எச்சரிக்கையைக் கண்டு பயப்படாமல் ஆர் அழுத்தி மீட்டு, சரிபார்த்துச் சேமித்தபின் சுவாப் கோப்பை அழித்துவிடுங்கள். அழிக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே எச்சரிக்கை வரும்.