புதுப்பிப்பு: சீட் மவுண்டிங் – வாஷர் விஷயத்தில் ஒரு திருத்தம்

முந்தைய பதிவில், ரேஸ் காரின் பக்கெட் சீட்டை (ஓட்டுநரை அணைத்துப் பிடிக்கும் ஒற்றை ஓடு போன்ற சீட்) தாங்கும் பிராக்கெட்டைக் காரின் தரையில் முடுக்க அடியில் பெரிய வாஷர் போதும் என்று எழுதியிருந்தேன். போதாது. காரின் தரைத்தகடு ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இருக்காது. மோதலில் போல்ட் உடையாது, வாஷரோடு தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும்.

எஃப்ஐஏ (சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பு) விதிப்படி ஒரு சீட்டுக்குக் குறைந்தது 4 போல்ட், ஒவ்வொன்றும் குறைந்தது 8 மி.மீ. விட்டம்; ஒவ்வொரு இடத்திலும் தரைக்கு அடியில் குறைந்தது 40 சதுர செ.மீ. தொடுபரப்புள்ள தாங்குதகடு. 3 மி.மீ. இரும்புத் தகட்டை 7×6 செ.மீ. அளவில் வெட்டினால் கணக்கு சரி. மூலைகளை ராவி உருட்டிவிடுங்கள், கூர்மையாக விட்டால் அதுவே தரையை அறுக்கும். போல்ட் 8.8 கிரேடு (வலிமைக் குறியீடு), நட் நைலாக் (நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்).

ஃபைபர் சீட்டின் பக்கவாட்டில் பிராக்கெட்டுக்கு இடைவெளி இருந்தால் ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் துண்டு) வையுங்கள். போல்ட்டை முறுக்கி இழுத்து நெருக்கினால் சீட்டின் ஷெல் (ஓடு) விரிசல் விடும். ஒரே ஓட்டுநர்தான் என்றால் சீட்டை முன்பின் நகர்த்தும் ஸ்லைடரே வேண்டாம், ஆட்டம் அங்கேதான் தொடங்கும்.

பழைய சீட் மலிவாகக் கிடைக்கிறதா? முதலில் எஃப்ஐஏ ஸ்டிக்கரைப் பாருங்கள். எஃப்ஐஏ-வின் 8855-1999 தரச் சீட்டுக்கு ஆயுள் தயாரிப்பிலிருந்து 5 வருடம்.